ஸ்டெப் அடியா, நேர் அடியா: வேகப்படகை முதன்முதலாக ஓட்டுபவருக்கு

ஃப்ளோரிடாவில் பழைய வேகப்படகு ஒன்றை வாங்கலாம் என்று கிளம்பினால், விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரு வார்த்தை கண்ணில் படும்: ஸ்டெப் ஹல், அதாவது அடியில் குறுக்காகப் படி வெட்டிய படகு. அதே நீளம், அதே இன்ஜின், ஆனால் வேகம் கூடுதல், பெட்ரோல் செலவு குறைவு என்பார்கள். அது பொய் இல்லை. அந்தப் படகை எப்படித் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. படி இல்லாத நேர் அடிப் படகில் பழகிய கை, அதே பழக்கத்தோடு ஸ்டெப் படகைத் திருப்பினால் படகு பம்பரமாகச் சுற்றிவிடும். ஆளைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தும் விடும்.

இந்தக் கட்டுரை அவுட்போர்டு (இன்ஜின் முழுவதும் பின்சுவருக்கு வெளியே தொங்குவது) அல்லது ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் உள்ளே, புரொப்பல்லர் கால் வெளியே) பொருத்திய 20 முதல் 40 அடிப் படகுகளை மனத்தில் வைத்து எழுதியது. பந்தயப் படகு ஓட்டுவது வேறு கலை. அதை இங்கே தேடாதீர்கள்.

முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

படகு டிரெய்லரில் நிற்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். பக்கவாட்டில் நின்று, அடிப்பகுதியை முன்னிருந்து பின்வரை ஒரே பார்வையில் ஓட்டிப் பாருங்கள். வழியில் எங்கும் முறிவு இல்லாமல் பின்சுவர் வரை ஓடினால் அது நேர் அடி. நடுவில் குறுக்காக ஒரு வெட்டு விழுந்து, அதற்குப் பின்னால் உள்ள பகுதி ஓரிரு அங்குலம் மேலே ஏறியிருந்தால் அது ஸ்டெப். ஒன்று இருக்கலாம், இரண்டு இருக்கலாம். அந்த வெட்டு பக்கவாட்டில் வெளியே வந்து முடியும் இடத்தில் ஒரு வாய் திறந்திருக்கும். அதுதான் காற்று உள்ளே போகும் வழி. அந்த வாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நேர் அடி என்றால் தட்டை அடி என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு வகையுமே பெரும்பாலும் V வடிவம்தான். கடலுக்கான ஆழ்ந்த V அடி புகழ்பெற்றதே மயாமியில்தான். 1960இல் நடந்த மயாமி–நசாவ் பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த, டிக் பெர்ட்ராமின் மாப்பி என்ற படகு வென்றது. கொந்தளித்த கடலில் மற்ற படகுகள் திணறியபோது அது அலையை வெட்டிக்கொண்டு போனது. இன்றும் ரெகுலேட்டர் நிறுவனம் பின்சுவரில் 24 டிகிரி சாய்வோடு ஸ்டெப் இல்லாத அடியைத்தான் செய்கிறது. கிரேடி ஒயிட்டும் ஸ்டெப் வைப்பதில்லை. யெல்லோஃபின் இரட்டை ஸ்டெப்புக்குப் பேர் போனது. ஆக, மீன்பிடிப் படகு என்பதால் நேர் அடியாகத்தான் இருக்கும் என்றோ, விலை அதிகம் என்பதால் ஸ்டெப் இருக்கும் என்றோ கணக்குப் போட முடியாது. குனிந்து பார்ப்பது ஒன்றே வழி.

தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது

படகு வேகம் பிடித்ததும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டுவிட்டு அதன் மேலேறி வழுக்கி ஓடத் தொடங்கும். பிளேனிங் என்பது இதைத்தான். அப்போது படகைத் தூக்கிப் பிடிக்கும் விசையில் பெரும்பங்கு, தண்ணீர் அடியை முதலில் தொடும் கோட்டை ஒட்டிய பகுதியில்தான் உருவாகிறது. அதற்குப் பின்னால் நனைந்து கிடக்கும் நீண்ட பரப்பு அதிகம் தூக்குவதில்லை, உராய்வை மட்டும் கூட்டுகிறது. ஸ்டெப் அந்தப் பரப்பை நடுவில் வெட்டிவிடுகிறது. வெட்டைத் தாண்டும் தண்ணீர் அடியை விட்டுப் பிரிகிறது. அங்கே அழுத்தம் குறைவதால் பக்கத்து வாய் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சற்றுத் தள்ளிப் பின்பகுதியில் தண்ணீர் மறுபடி அடியைத் தொடும்போது இன்னொரு தூக்கும் கோடு கிடைக்கிறது. நனைந்த பரப்பு குறைகிறது, படகை இரண்டு மூன்று இடங்களில் தாங்கும் விசை கிடைக்கிறது. 10 முதல் 15 சதவீதம் வரை ஆதாயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுமையைப் பொறுத்து அது கூடும், குறையும்.

யோசனை புதியதல்ல. 1872இலேயே சார்லஸ் மீட் ராமஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் இப்படிப் படி வைத்த கப்பலை பிரிட்டிஷ் கடற்படைக்கு முன்மொழிந்தார். அன்றைய நீராவி இன்ஜின்களுக்கு அந்த வேகம் எட்டாததால் அது அப்படியே கிடந்தது. பிறகு முதல் உலகப் போரில் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய 40 அடி கடலோர மோட்டார் படகுகளுக்கு ஸ்டெப் அடிதான். அவற்றின் டார்பிடோ பின்பக்கமாக, வால் முதலில் வெளியே தள்ளப்படும். தள்ளிய கையோடு, பின்னால் பாய்ந்து வரும் தன் சொந்த டார்பிடோவின் வழியிலிருந்து படகு விலகியாக வேண்டும். ஸ்டெப் படகை வேகத்தில் திருப்பும் சிக்கல் அந்த மாலுமிகளுக்கு உயிர்ப் பிரச்சினை.

நேர்க்கோட்டில் கிடைக்கும் இந்த ஆதாயத்துக்கு விலை திருப்பத்தில் வருகிறது. பின்பகுதியில் காற்று கலந்திருப்பதால் அங்கே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பரப்பு குறைவு. திருப்பத்தில் படகு உள்பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துக் காற்று வாய் தண்ணீருக்குள் போய் அடைபடலாம். அப்போது ஒரு பக்கம் உலர்ந்தும் மறுபக்கம் நனைந்தும் இழுவை சமமில்லாமல் போகும். அதே நொடியில் ஓட்டுபவர் பயந்து த்ராட்டிலைப் பட்டென்று மூடினால் மூக்கு தாழும். கூரான முன்னடி தண்ணீரைக் கவ்விக்கொள்ளும். முன்னால் பிடிப்பு, பின்னால் பிடிப்பில்லை. இறகை முன்னால் வைத்து எய்த அம்பு பறக்கும்போதே திரும்பிக்கொள்வதைப் போல, படகின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். படகு பக்கவாட்டாகச் சறுக்கும். சறுக்கும் திசையில் உள்ள விளிம்பு தண்ணீரில் தடுக்கியதும் படகு திடீரென்று வெளிப்பக்கமாக உருளும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லாம் சேர்த்து ஓரிரு நொடி. யோசித்துச் சரிசெய்ய நேரம் இருக்காது. அதனால் திருப்பத்துக்கான முடிவுகளை எல்லாம் திருப்பத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன்

ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர், 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புப் பாடம் படித்து அட்டை வாங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களும் படிக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

கில் ஸ்விட்ச் கயிறு அடுத்தது. ஒரு முனை இன்ஜின் ஸ்விட்சில், மறுமுனை உங்கள் உடம்பில். நீங்கள் தூக்கி எறியப்பட்டால் இன்ஜின் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்ப உங்கள் மேலேயே வரும். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான படகுகளில் பிளேனிங் வேகத்தில் இதை மாட்டிக்கொள்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயம். 26 அடியைத் தாண்டினால் அந்தச் சட்டம் கேட்பதில்லை. வேகமான ஸ்டெப் படகுகளில் பல அந்த நீளத்தைத் தாண்டியவை என்பது இதில் வேடிக்கை. சட்டம் கேட்காவிட்டாலும் மாட்டுங்கள்.

பெரியவர்கள் லைஃப் ஜாக்கெட்டை அணியாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது சட்டத்துக்குப் போதும், உங்களுக்குப் போதாது. கடலோரக் காவல்படையின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், நீரில் மூழ்கி இறந்தவர்களில் 85 சதவீதம் பேர் அதை அணிந்திருக்கவில்லை. தானாகக் காற்றடைத்துக்கொள்ளும் மெல்லிய வகை, வேகத்தில் தண்ணீரில் மோதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நுரை அடைத்த, உடம்போடு இறுகும் வகையை வாங்குங்கள்.

ஆட்களை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மூக்குப் பகுதி இருக்கைகளும் பக்கச் சுவர் மேல் உட்காருவதும் நங்கூரம் போட்டிருக்கும்போது மட்டும். ஸ்டெப் படகு எடை எங்கே இருக்கிறது என்பதை நேர் அடியை விட அதிகமாகக் கவனிக்கும். நான்கு பேரும் ஐஸ் பெட்டியும் முன்னால் போனால் முன்னடி தாழும், கவ்வும் ஆபத்து கூடும். பழைய படகில் முதலில் இருந்ததை விடக் கனமான புது இன்ஜின்களை மாட்டியிருந்தால் எடைமையம் பின்னால் நகர்ந்திருக்கும். அதையும் விற்பவரிடம் கேளுங்கள்.

இன்னொரு சின்ன வேலை. படகு டிரெய்லரில் இருக்கும்போதே இன்ஜினை ஏற்றி இறக்கி, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டை, படகின் நடு அடிக்கோட்டுக்கு இணையாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். டிரிம், அதாவது இன்ஜினின் சாய்வைக் காட்டும் மீட்டரில் முள் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். உங்கள் படகின் நடுநிலை டிரிம் அதுதான். இனி ஓடும்போது ஊகிக்க வேண்டியதில்லை.

நேராக ஓட்டிப் பழகுதல்

காற்றில்லாத காலை, கூட்டமில்லாத அகலமான நீர்ப்பரப்பு. மயாமியை ஒட்டிய பிஸ்கேன் வளைகுடாவில் ஆழமான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் கடற்பசு வாழும் மெதுவேகப் பகுதிகள் உண்டு, பலகைகளைக் கவனியுங்கள்.

கிளம்பும்போது டிரிம் உள்ளே (புரொப்பல்லர் படகை நோக்கிச் சாய்ந்த நிலையில்) இருக்கலாம், மூக்கு அதிகம் தூக்காமல் படகு பிளேனுக்கு ஏறும். ஸ்டெப் படகில் தொடக்கத்தில் வெட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். காற்று நுழைந்து அதை விரட்டும்வரை கொஞ்சம் கனமாக இருக்கும், அப்புறம் விடுபட்டதுபோல ஓடும். ஏறியதும் டிரிமை டேப் குறிக்குக் கொண்டுவாருங்கள். உள்ளேயே விட்டுவிட்டு வேகம் ஏற்றாதீர்கள்.

இங்கே இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியும். நேர் அடிப் படகில் டிரிமை வெளியே எடுக்க எடுக்க மூக்கு உயரும். அதிகமானால் குதிரை ஓடுவதுபோல மேலும் கீழும் ஆடத் தொடங்கும். கொஞ்சம் உள்ளே இழுத்தால் அடங்கும். ஸ்டெப் படகு இரண்டு மூன்று இடங்களில் தாங்கப்படுவதால் அவ்வளவு ஆடாது, டிரிமுக்கு மூக்கும் அவ்வளவாகப் பதில் சொல்லாது. டிரிம் ஒன்றும் செய்யவில்லையே என்று புதியவர் அதை உள்ளே இழுக்கும் பட்டனை மேலும் மேலும் அழுத்துவார். மூக்கு அசையாவிட்டாலும் இன்ஜின் பின்பக்கத்தைத் தூக்கி முன்னடியை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். டிரிம் டேப் (trim tab) எனப்படும் பின்பக்கத் தகடுகளுக்கும் இதே எச்சரிக்கை: ஒரு பக்கச் சாய்வைச் சரிசெய்ய லேசாகப் பயன்படுத்தலாம், இரண்டையும் சேர்த்து இறக்கி வேகத்தில் ஓட வேண்டாம்.

திருப்பம்

நேர் அடியில் பலரும் கற்றுக்கொண்ட முறை இது: திருப்பம் வரும்போது டிரிமை உள்ளே இழு, த்ராட்டிலைக் குறை, சக்கரத்தைத் திருப்பு. மூன்றையும் ஏறத்தாழ ஒன்றாகச் செய்வார்கள். நடுத்தர வேகத்தில் ஆழ்ந்த V அடி இதைப் பொறுத்துக்கொள்ளும். உள்பக்கம் சாய்ந்து தண்டவாளத்தில் போவதுபோல வளையும், புரொப்பல்லரும் பிடிப்பை விடாது. ஸ்டெப் படகைச் சுழல வைப்பதும் இதே மூன்றும்தான்.

ஸ்டெப் படகுக்கான வரிசை வேறு. பின்னாலும் இருபக்கமும் பார்த்துவிட்டு, சக்கரம் நேராக இருக்கும்போதே த்ராட்டிலை மெதுவாகக் குறைத்துத் திருப்ப வேகத்துக்கு வாருங்கள். படகு அந்த வேகத்தில் நிதானப்படும்வரை காத்திருங்கள். இதை அவசரப்படுத்துபவர்கள்தான் அதிகம். டிரிம் நடுநிலையில், அல்லது ஒரு மயிரிழை வெளியே. பின்பக்கத் தகடுகள் மேலே. இப்போது சக்கரத்தைச் சீராகத் திருப்புங்கள், வெடுக்கென்று அல்ல. வளைவு அகலமாக இருக்கட்டும். த்ராட்டிலில் இருந்து கையை எடுக்காதீர்கள், இழுக்கவும் வேண்டாம். திருப்பம் தானே வேகத்தைத் தின்னும். பிளேனிலிருந்து நடுவழியில் விழாதபடி தேவையானால் துளி கூட்டுங்கள். சக்கரம் மீண்டும் நேரானபின் வேகம் ஏற்றலாம்.

இறுக்கமாகத் திரும்பியே ஆக வேண்டும் என்றால் பிளேனிலிருந்து முழுவதுமாக இறங்கி, மெதுவேகத்தில் திரும்புங்கள். இரண்டுங்கெட்டானாக, பாதி இறங்கிய நிலையில் திருப்புவதுதான் மோசம்.

பயிற்சியை மணிக்கு 25 மைல் அளவில், படகு பிளேனில் நிற்கக்கூடிய குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் செய்து பாருங்கள். ஒற்றை இன்ஜின் படகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பாது. சலிக்கும்வரை செய்தபின் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். முழுவேகத் திருப்பம் என்ற ஒன்றை உங்கள் திட்டத்திலேயே வைக்க வேண்டாம், அதற்கு எந்தத் தேவையும் வரப்போவதில்லை. திரும்பும்போது வேறு படகு விட்டுச்சென்ற அலையைக் கடக்காதீர்கள். காற்று வாய்க்குள் தண்ணீர் புக அதுவே போதும். அலையை நேராகக் கடந்துவிட்டு அப்புறம் திரும்பலாம்.

எதிரே திடீரென்று ஒரு மரக்கட்டை தெரிகிறது, என்ன செய்வது? உடம்பு தானாகச் செய்யும் காரியம் த்ராட்டிலை மூடுவதும் சக்கரத்தை ஒடிப்பதும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: நேராக வைத்து வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் த்ராட்டிலை அப்படியே வைத்து லேசாக விலகுங்கள். லேசான விலகல் போதாமல் போகிறதென்றால் நீங்கள் பார்க்கும் தூரத்துக்கு மிஞ்சிய வேகத்தில் போயிருக்கிறீர்கள்.

பின்பக்கம் வழுகத் தொடங்குவதை முதுகில் உணர்ந்தால், உடனே சக்கரத்தை நேர்நிலைக்குத் தளர்த்துங்கள். த்ராட்டிலைப் பட்டென்று மூடாமல் சிறிது சிறிதாகக் குறையுங்கள். உள்ளே இருப்பவர்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்துங்கள். சறுக்கல் முற்றிவிட்டால் ஓட்டுபவர் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. கயிறும் ஜாக்கெட்டும்தான் மிச்சம்.

அலை எழும்பும்போது

மயாமிக்கு வடக்கே ஹாலோவர் முகத்துவாரத்தில் வார இறுதிகளில் வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும். வெளியேறும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் மோதும் இடம் அது. சுமார் 50 மைல் தள்ளியிருக்கும் பஹாமாஸின் பிமினித் தீவுக்குப் போகிறவர்கள் வளைகுடா நீரோட்டத்தை (Gulf Stream) குறுக்கே கடக்க வேண்டும். வடக்கிலிருந்து காற்றடிக்கும் நாளில் அந்த நீரோட்டத்தின் மேல் அலைகள் நெட்டுக்குத்தாக எழும். புதியவர் அன்று கரையில் இருப்பது நல்லது, அடி எதுவாக இருந்தாலும் சரி.

எதிரலையில் நேர் அடிக்காரர் டிரிமை உள்ளே இழுத்து, கூரான முன்னடியால் அலையை வெட்டிக்கொண்டு போகலாம். ஸ்டெப் படகில் அந்த வசதி குறைவு, வேகத்தைக் குறைப்பதே மருந்து. பின்னலையில் இரண்டுக்கும் ஆபத்து ஒன்றுதான்: முன்னால் போகும் அலையின் முதுகில் மூக்கைக் குத்தினால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பும். டிரிமைச் சற்று வெளியே எடுத்து மூக்கை உயர்த்தி, அலையின் வேகத்தோடு ஒட்டிப் போங்கள். சமதளமாகவே ஓடிப் பழகிய ஸ்டெப் படகு மூக்கைத் தூக்கத் தயங்கும் என்பதால் அதில் கூடுதல் கவனம்.

இதற்கெல்லாம் பயந்து நேர் அடிப் படகு ஆபத்தே இல்லாதது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டிரிமை உள்ளே இழுத்தபடி அதிவேகத்தில் திருப்பினால் அதுவும் சுழலும். மிகுந்த வேகத்தில் சிறிய V அடிப் படகுகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு மாறி மாறி ஆடும். அதைச் சக்கரத்தால் துரத்தித் துரத்திச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் கூடும். வேகத்தைக் குறைத்தால் நிற்கும்.

இன்றைய ஸ்டெப் வடிவங்களும் 1990களில் வந்தவை போல இல்லை. காற்று வழியும் பின்பகுதியின் பிடிப்பும் நன்றாகவே திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் பழைய படகுச் சந்தையில் நமக்கு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பழையவைதான்.

கரையில்

டிரெய்லர் உருளைகள் ஸ்டெப்பின் விளிம்பில் மாட்டிக்கொண்டால் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு பெயரும். நீளவாக்கில் கட்டைகள் உள்ள டிரெய்லரே நல்லது. கிரேன் பட்டைகள் ஸ்டெப் விளிம்பின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலேயே விடுகிறவர்கள் காற்று வாயிலும் வெட்டின் மூலையிலும் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்ட மறக்கக் கூடாது. அந்த விளிம்பு கூராக இருந்தால்தான் தண்ணீர் ஒழுங்காகப் பிரியும்.

எதை வாங்குவது

முதல் படகு, குடும்பத்தோடு வார இறுதியில் மட்டும், ஸ்டீயரிங்கைப் பிள்ளைகளும் விருந்தாளிகளும் மாறி மாறிப் பிடிப்பார்கள் என்றால் நேர் அடி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. மெதுவாகத் தூண்டில் இழுத்துக்கொண்டு போவதே வேலை என்றாலும் அதுவே, அந்த வேகத்தில் ஸ்டெப்பால் ஆதாயம் ஏதுமில்லை, இழுவைதான் கூடும். நீண்ட தூரம் வேகமாக ஓட வேண்டும், ஓட்டப்போவது ஒரே ஆள், அவர் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் ஸ்டெப் அடி பெட்ரோல் பில்லில் தன்னை நிரூபிக்கும்.

ஸ்டெப் படகைச் சோதனை ஓட்டம் பார்க்கும்போது விற்பவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். திருப்பத்துக்கு முன் அவர் கை எங்கே போகிறது, டிரிம் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றப்போகும் ஆட்கள், எரிபொருள், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் இன்னொரு ஓட்டம் கேளுங்கள். காலிப் படகு திரும்புவதும் நிறைந்த படகு திரும்புவதும் ஒன்றல்ல. பேரம் முடிந்தால், அந்த மாதிரியை நன்கு அறிந்த பயிற்சியாளர் ஒருவரோடு அரை நாள் செலவழிக்கும் தொகையையும் படகு விலையோடு சேர்த்தே எடுத்து வையுங்கள்.